கணக்குக் கேட்டால் கலகமா?

கேள்வி: எங்கள் சபைக்கு இரண்டு வருடமாக நான்தான் செயலர். பந்தல் போடுவதிலிருந்து அறுப்பின் பண்டிகைக் கணக்குவரை ஒரே ஆளாகப் பார்க்கிறேன். ஆனாலும் ஆராதனை முடிந்து கூட்டம் கூடினால் மூன்று நான்கு பேர் எழுந்து கணக்குக் கேட்டுக் குடைகிறார்கள். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லி எபிரெயர் 13:17 இருக்கிறதே, இவர்களைக் கீழ்ப்படிய வைப்பது எப்படி?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வசனத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ணுகிறவர்களாய் விழித்திருக்கிறார்கள், அதனால் கீழ்ப்படியுங்கள் என்று அது சொல்கிறது. உத்தரவாதம் என்றால் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு. கேட்டால் கோபப்படுகிறவர் இந்த வசனத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. இயேசுவோடு நடந்த பன்னிரண்டு பேர், 'எங்களையா கேட்கிறீர்கள்?' என்று முறைத்தார்களா? சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர் என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தி விசாரணையை, அதாவது பங்கைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். உங்களைக் குடைகிறவர்களில் இரண்டு பேரை அடுத்த பண்டிகைக் கணக்கில் உட்கார வையுங்களேன்.

பவுலும் எருசலேமுக்கான காணிக்கையைத் தனி ஆளாகக் கையாளவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்பினார். யாரும் தங்களைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்காக என்று 2 கொரிந்தியர் 8இல் அவரே எழுதுகிறார்.

அப்புறம், நம் பக்கத்துக் கதை. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. சபையார் கூடி முடிவெடுப்பதுதான் அந்த மரபின் உயிர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயரான லெஸ்லி நியூபிகின், பேராயரே இல்லாத ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து வந்தவர். அங்கே ஆயர்களும் மூப்பர்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் தீர்மானிப்பார்கள். இந்த மண்ணில் சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்பது பாட்டன் காலத்து உரிமை. அதைக் கலகம் என்று நினைக்காதீர்கள்.

நானும் ஒரு காலத்தில் சபைப் பொருளாளர். பூக்கட்டி விற்கும் ஒரு பாட்டி, நாற்காலி வாடகை ரசீதைக் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் போய்ப் புரட்டினால், 200 ரூபாயை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சொன்னபோது என் கால் நடுங்கியது. பாட்டி கேட்டிருக்காவிட்டால் அது அப்படியே போயிருக்கும்.

'ஒரே ஆளாக' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியே நியாயம் தீர்த்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ, இது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். காத்து நிற்கிற ஜனங்களும் சோர்ந்துபோகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் சபையில் இப்போது நடப்பது அதுதான்.

வருகிற ஞாயிறு, இந்த மாத வரவு செலவை ஆலய வாசல் போர்டில் ஒட்டுங்கள். கூட்டத்தில் ரசீதுக் கட்டை மேஜைமேல் வையுங்கள். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும்.