மாடு மேயும் பூங்கா: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கிராவுபுண்டன் மாநிலத்தில் இருக்கும் பார்க் எலா இயற்கைப் பூங்கா பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் 1980களின் கடைசியில் சுவிஸுக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து உணவகக் குசினியில்தான் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி இன்று சமையல்காரன். கிராவுபுண்டன் மாநிலத்துச் சாப்பாடு எல்லாம் என் கையால் சமைத்திருக்கிறேன். ஆனால் போன கோடைவரை அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் டிட்லிஸ், ரைன் நீர்வீழ்ச்சி, அவ்வளவுதான்.

போன கோடையில் பிள்ளைகளோடு பார்க் எலாவுக்குப் போனோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். வாசல் இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. மாடு மேய்கிறது, வீடுகள் இருக்கின்றன, தார் ரோட்டில் கார் ஓடுகிறது. பூங்கா எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். உள்ளூர் சீஸும் உருளைக்கிழங்கும் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டைவிட விலை கூட. நீங்கள் அந்தச் சாப்பாட்டை அவ்வளவு உயர்த்தி எழுதியிருந்தீர்கள். அது சுற்றுலாக்காரருக்கான வியாபாரம்தானே?

செப்டம்பரில் அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்திலிருந்து வருகினம். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். மாட்டிறைச்சி தொடமாட்டா. அவையை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா?

க., வின்டர்தூர்

*

அன்புள்ள க.,

நீங்கள் பூங்காவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அந்த மாடும் வீடும் புல்வெளியும்தான் பூங்கா.

சுவிஸில் 'பூங்கா' என்ற பெயரில் அடிப்படையிலேயே வேறான வகைகள் உண்டு. 1914இல் எங்கடின் பள்ளத்தாக்கில் தொடங்கிய தேசியப் பூங்கா ஒருவகை. அங்கே மனிதன் விலகி நிற்க வேண்டும். பாதையை விட்டு இறங்கக் கூடாது, பூ பறிக்கக் கூடாது, நாயை அழைத்து வரக் கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மட்க வேண்டும். 2007இல் திருத்தப்பட்ட சட்டத்தின் வழியே வந்த வட்டார இயற்கைப் பூங்காக்கள் இன்னொரு வகை. பார்க் எலா இதில் சேரும். ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதித்தால்தான் ஓர் ஊர் இதற்குள் வரும். விவசாயமும் மரம் வெட்டுதலும் பள்ளிக்கூடமும் பேருந்தும் எப்போதும்போல நடக்கும். அல்புலா, யூலியர் கணவாய்ப் பாதைகளை உள்ளடக்கி, 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் நிலம் அது. ரொமான்ஷ், ஜெர்மன், இத்தாலியன் என்று மூன்று மொழிகள் அங்கே ஊருக்கு ஊர் மாறிப் பேசப்படுகின்றன. அதற்கு வேலி போட முடியாது.

உங்கள் முக்கியமான கேள்வி விலை பற்றியது. அதற்கு நான் புல்லிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

ஜூலையில் அந்தச் சரிவுகளில் நிற்கிறவருக்கு, இத்தனை பூவும் தானாக முளைத்தது என்றே தோன்றும். அப்படியல்ல. மர எல்லைக்குக் கீழே இருக்கும் புல்வெளிகளில் பெரும்பாலானவை மனிதர் காட்டைத் திருத்தி, தலைமுறை தலைமுறையாக அரிந்தும் மேய்த்தும் வைத்திருப்பவை. சில ஆண்டுகள் அரியாமல் விட்டால் முதலில் புதர் ஏறும், பிறகு ஊசியிலை மரம் வரும், பூ போய்விடும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. உரத்தைக் கொட்டி ஆண்டுக்குப் பலமுறை அரிந்தால் வேகமாக வளரும் சில புல்வகைகள் மட்டும் மிஞ்சும். 1900க்குப் பிறகு சுவிஸின் வறண்ட புல்வெளிகளில் சுமார் 95 சதவீதம் இந்த இரண்டு வழிகளிலும், கட்டடங்களுக்கும் போய்விட்டன. மிஞ்சியவை மிஞ்சியதற்குக் காரணம், யாரோ ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை, விதை விழுந்த பிறகு, டிராக்டர் ஏற முடியாத சரிவில் கைப்பிடி இயந்திரத்தாலோ அரிவாளாலோ அரிந்துகொண்டிருப்பதுதான்.

அந்தப் புல்லிலிருந்து வரும் பால் சமவெளிப் பண்ணையின் பாலோடு விலையில் போட்டியிட முடியாது. அரசு நேரடி உதவித்தொகை கொடுக்கிறது, சரிவு கூடினால் தொகையும் கூடும். அப்படியிருந்தும் பாலையும் சீஸையும் வாங்க ஆள் இல்லையென்றால் மாடு இருக்காது. மாடு இல்லையென்றால் உலர்த்திய புல்லுக்கு வேலை இல்லை. சூர் என்ற ஊருக்கு மேலே, ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் ஆல்ப் ஃப்ளிக்ஸ் என்றொரு சதுப்பு மேட்டுநிலம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி 24 மணி நேரத்தில் அங்கே 2000க்கும் மேற்பட்ட உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். அங்கும் மாடு மேய்கிறது, புல் அரிகிறார்கள். நடப்பதையும் சாப்பிடுவதையும் ஒரே கட்டுரையில் நான் எழுதியது அதனால்தான். நீங்கள் நடக்கும் வெளியைத் திறந்து வைத்திருப்பதற்கான கூலி அந்தச் சீஸின் விலைக்குள் இருக்கிறது.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. 'உள்ளூர்' என்று விற்பதெல்லாம் உள்ளூர் அல்ல. புண்ட்னர்ஃப்ளைஷையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் மசாலாவும் தடவி, வாரக்கணக்கில் மலைக்காற்றில் உலர்த்தி, இடையிடையே அழுத்தி, எடையில் பாதியளவு இழந்த பிறகு கிடைக்கும் மாட்டிறைச்சி அது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு, கிராவுபுண்டனில் பதப்படுத்தியிருக்க வேண்டும் என்கிறதே தவிர, மாடு அங்கே வளர்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இறைச்சியாகவும் இருக்கலாம். இதை நான் ஏற்கவில்லை. மலையின் பெயரைச் சொல்லி விற்றால் மலைக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும். பூங்காவின் சொந்த முத்திரை உள்ள பொருட்களில் விதி கடுமை. பல பொருள் சேர்ந்த பண்டமென்றால் சேர்மானத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்த வட்டாரத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடுங்கள்.

சீஸிலும் அப்படித்தான். 'ஆல்ப்கேஸ' என்று எழுதியிருந்தால், கோடையில் மாடுகள் மேலே ஏறியிருக்கும் சுமார் 100 நாட்களில் மேய்ச்சல் மேட்டிலேயே செய்தது. 'பெர்க்கேஸ' என்றால் மலை வட்டாரத்தில் செய்தது, ஆண்டு முழுவதும் செய்யலாம். இரண்டும் நல்லவைதான், ஆனால் முதலாவதின் விலைக்குக் காரணம் வேறு.

உருளைக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீங்கள் அதை வெறும் கிழங்கு என்று கடந்து போயிருக்கிறீர்கள். ஃபிலிசூரைச் சுற்றி அல்புலாப் பள்ளத்தாக்கில், 1000 மீட்டருக்கு மேலே, இயற்கை முறையில் பழைய ரகங்களைப் பயிரிடுகிறார்கள். 'பார்லி' என்று ஒரு உள்ளூர்க் கிழங்கு ரகம் (தானியம் அல்ல), ஊதாச் சதையுள்ளவை, விரல் நீளத்தில் வளைந்தவை என்று பலவகை. குளிர்ந்த உயரத்தில் அசுவினிப் பூச்சி குறைவு, அது பரப்பும் வைரஸ் நோயும் குறைவு. விளைச்சல் கொஞ்சம், கல் பொறுக்கும் வேலை அதிகம். பெரிய ஊர்ச் சமையல்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அந்தக் கிழங்குக்காகவே பிறந்த பண்டம் மலூன்ஸ். நீங்கள் செய்திருப்பீர்கள், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் வேகவைத்து ஆறவைத்த கிழங்கைத் துருவி, மாவில் பிசிறி, இரும்புச் சட்டியில் வெண்ணெய் விட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். உதிர்ந்த புட்டுபோல, ஆனால் பொன்னிறத்தில் வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெதுவாகவும் வரும். ஆப்பிள் மசியலும் ஆல்ப் சீஸும் தொட்டுக்கொள்ள. ஏழைக் குடியானவர்களின் சாப்பாடு அது. இன்று உணவகத்தில் நல்ல விலை போட்டிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அடுப்பின் முன் முக்கால் மணி நேரம் நிற்கும் ஆளின் சம்பளம் அதில் எவ்வளவு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அக்காவுக்கு நான் சொல்வது மலூன்ஸ். ஒரு விஷயத்தை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: மரபான ஆல்ப் சீஸைப் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். அது அவர்களுக்கு ஒப்பாதென்றால் ஆப்பிள் மசியலோடு மட்டும் தரச் சொல்லலாம். பார்லி சூப்பில் பெரும்பாலும் உலர்ந்த இறைச்சித் துண்டு கிடக்கும். கீரை இலையில் மாவைச் சுருட்டிச் செய்யும் கப்பூன்ஸின் மாவுக்குள்ளும் இறைச்சி ஒளிந்திருக்கும், இலைச் சுருளுக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பித்சோகெல் என்ற மாவுத் துண்டுப் பண்டத்தில் பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவுவார்கள். இறைச்சி இல்லாத வகை பல இடங்களில் உண்டு, கேட்டால் செய்தும் தருவார்கள். வால்நட் அடை என்றால் கேட்காமலே வாங்கிக்கொடுங்கள்.

இனி முழங்கால். குர் நகரில் மாறி, அல்புலா ரயிலில் போங்கள். 1903இல் திறந்த பாதை, 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம், வளைந்தபடியே நேராக ஒரு பாறைக்குள் நுழையும். ஃபிலிசூர் தாண்டி பெர்க்யூன். அங்கிருந்து ப்ரேடா வரை ரயில் 400 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். அதற்காக மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் திரும்புகிறது. ஒரே தேவாலயம் ஜன்னலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் தெரியும். அக்கா இருக்கையை விட்டு எழவே வேண்டாம்.

ப்ரேடாவில் நீங்களும் பிள்ளைகளும் அத்தானும் இறங்கி, மேலே பல்புவோக்னா ஏரிவரை நடக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். செப்டம்பர் கடைசியில் லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். பிறகு ரயில் பாதையை ஒட்டிய நடைபாதையில் பெர்க்யூனுக்கு இறங்கலாம். இறக்கம்தான் முழங்காலைக் கொல்லும், ஆகவே அக்காவோடு ஒருவர் ரயிலிலேயே பெர்க்யூனுக்குத் திரும்பட்டும். தெருவோரத் தொட்டிகளில் விழும் தண்ணீர், வேறு அறிவிப்பு இல்லாவிட்டால், குடிக்கலாம். சுவரில் கோலம் கீறிய பழைய வீடுகளைப் பார்த்தபடி மெதுவாக நடந்தால் பொழுது போய்விடும்.

மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு, குடும்பத்தோடு என்றால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளம் மலைப்பாதை, நல்ல சப்பாத்து வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள். கன்றோடு மேயும் பசுவின் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், படமெடுக்கவும் வேண்டாம். தாய்ப்பசு பாயும். ஓநாய் திரும்பி வந்த பிறகு ஆட்டுமந்தைகளோடு காவல் நாய்கள் நிற்கின்றன. நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, மந்தையைச் சுற்றிப் போக வேண்டும். பாதை மூடியிருக்கிறது என்று எழுதியிருந்தால் அது சும்மா எழுதியது அல்ல. இதே பூங்காவுக்குள் பிரியென்ஸ் என்ற கிராமம் இருக்கிறது. 2023 மே மாதம் ஊர் முழுவதையும் காலி செய்ய வைத்தார்கள். ஜூன் 15 இரவு மலை சரிந்து, பாறைக்குவியல் பள்ளிக்கூடத்தை நெருங்கி நின்றது. 2024 நவம்பரில் அந்த மக்கள் மறுபடியும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் குளிர்காலத்திலும் கேட்பார்கள். ப்ரேடாவிலிருந்து பெர்க்யூன் வரை 6 கிலோமீட்டர், பனிக்காக மூடிய கணவாய்ச் சாலையே சறுக்குவண்டிப் பாதையாகிவிடும். கீழே வந்து மறுபடி ரயிலேறி மேலே போகலாம். ஓரத்துக் காட்டுக்குள் மட்டும் இறங்க வேண்டாம். பனியில் அசையாமல் சக்தியைச் சேமித்துக் கிடக்கும் காட்டுக்கோழியும் மானும், ஒருமுறை விரட்டப்பட்டால் அந்தச் சக்தியை மீட்கத் தீனி இல்லாமல் செத்துப்போகக் கூடும்.

புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டே போங்கள், அந்தக் காற்றில் அது இன்னும் நன்றாக இருக்கும். மதியம் சோறு, மாலையில் பெர்க்யூனில் ஒரு தட்டு மலூன்ஸ், திரும்பும்போது ஒரு துண்டு ஆல்ப் சீஸ். எல்லா வேளையும் அங்கேயே வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று, குடும்பம் நடத்துகிற யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கப்பூன்ஸ் மாவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கீரை போடுகிறார்கள். சிலர் பார்ஸ்லி, சிலர் புதினாவும் சேர்ப்பார்கள். இத்தனை வருடங்களாகக் கையால் சுருட்டியிருக்கிறீர்கள். உங்கள் குசினியின் முறை என்ன, இலையை எவ்வளவு நேரம் வெந்நீரில் காட்டுகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.