விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் குழந்தைகள் உடை விற்கிறோம். கூகுள் விளம்பரத்துக்காக ஒரு ஏஜென்ஸிக்கு மாதம் 40,000 ரூபாய் தருகிறோம். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வருகிறது. கணக்கைக் காட்டச் சொன்னால், "அது எங்க கணக்கு சார்" என்கிறார்கள். இது முறையா?

பதில்: முறையே இல்லை. பிறருக்காக விளம்பரம் நடத்துபவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. செலவு, கிளிக், விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கை மூன்றையும் மாதம் ஒருமுறையாவது தெரிவிக்க வேண்டும். கேட்டால் உங்கள் கணக்கின் கஸ்டமர் ஐடியையும் தர வேண்டும். முதலில் அந்த 10 இலக்க எண்ணை மின்னஞ்சலில் கேளுங்கள். தர மறுத்தால், பல கடைகளின் விளம்பரத்தை ஒரே கணக்கில் ஓட்டுகிறார்களோ என்று சந்தேகிக்க இடமுண்டு. அப்படியிருந்தால் உங்கள் பழைய தரவை வேறு கணக்குக்கு மாற்ற முடியாது.

உங்கள் 40,000-இல் கூகுளுக்குப் போனது எவ்வளவு, ஏஜென்ஸி கூலி எவ்வளவு? இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்கிரீன்ஷாட்டில் வேண்டாததை வெட்டிவிடலாம். கூகுளின் பில்லில் முடியாது. அதனால் உங்கள் மின்னஞ்சலிலேயே கணக்கைத் தொடங்கி, உங்கள் கார்டையும் ஜிஎஸ்டி எண்ணையும் சேருங்கள். ஏஜென்ஸி தன் மேனேஜர் கணக்கிலிருந்து (பல வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கணக்கு) இணைப்புக் கோரிக்கை அனுப்பட்டும். நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும். பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டாம். அட்மின் உரிமை உங்களிடமே இருக்கட்டும். கூலிக்குத் தனி பில் வாங்குங்கள்.

கணக்கில் 'சேஞ்ச் ஹிஸ்டரி' என்றொரு பகுதி உண்டு. இரண்டு ஆண்டுகள் வரை யார், எந்த நாளில், எதை மாற்றினார்கள் என்பது அதில் இருக்கும். மாதக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லையென்றால், எதற்குக் கூலி வாங்கினீர்கள் என்று நேராகவே கேட்கலாம். வெப்சைட் டொமைனும் (இணைய முகவரி) உங்கள் பெயரில்தானா என்று இன்றே பாருங்கள். அது கைவிட்டுப் போனால் மீட்பது பெரும்பாடு.

கேள்வி: கூகுள் மேப்பில் 100 ஐந்து நட்சத்திர ரிவ்யூ வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடாது. பிடிபட்டால் கூகுள் அந்த ரிவ்யூக்களை நீக்கும். புது ரிவ்யூ வருவதையும் சில காலம் நிறுத்திவைக்கலாம். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்பதும் விதிமீறலே. பில்லோடு ரிவ்யூ பக்கத்தின் கியூஆர் கோடைக் கொடுங்கள். திருப்தியானவர்களிடம் மட்டுமல்ல, வருகிற எல்லோரிடமும் கேளுங்கள். குறை சொல்லி வரும் ரிவ்யூவுக்கு ஓரிரு நாளில் பதில் எழுதுங்கள்.