பைலட் தேர்வுக்கு ஏற்காடு பஸ்ஸில் படிக்கலாம்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவன். இயற்பியலும் கணிதமும் படித்திருக்கிறேன். ஒரு விமான நிறுவனத்தின் பயிற்சி விமானி தேர்வுக்கு 6 வாரம் இருக்கிறது. கண்ணாடி போடுகிறேன். சென்னைக்குப் போய் கோச்சிங் சேர வேண்டுமா?

பதில்: கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணைப் பாருங்கள் தம்பி. டிஜிசிஏ (விமானிகளுக்கு உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த டாக்டரிடம், விமானி ஆக விரும்புகிறவர்களுக்கான முதல்கட்ட கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டு பார்வை சரியாக வந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் நிறக்குறைபாடு வேறு விஷயம். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் கோச்சிங், ஹாஸ்டல் எல்லாம் முடித்த பிறகுதான் அந்தப் புள்ளிகளில் எண்ணே தெரியவில்லை என்று கண்டுகொண்டான்.

சரி, தேர்வுக்கு வருவோம். விமானம் ஓட்டத் தெரியுமா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. கை ஒரு வேலையில் இருக்கும்போது மனசு கணக்குப் போடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். திரையில் நகரும் புள்ளியை ஜாய்ஸ்டிக்கால் நடுவில் வைத்துக்கொண்டே, காதில் விழும் எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பேப்பரில் 50 கணக்கு போட்டவர்களும் இங்கே தடுமாறுவார்கள்.

இதற்கு உங்கள் ஊரிலேயே நல்ல வகுப்பறை இருக்கிறது. ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். சேலம் சுமார் 1,000 அடி, ஏற்காடு சுமார் 5,000 அடி. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. சமமாகப் பிரித்தால் வளைவுக்கு 200 அடி. (மலை அப்படிச் சமமாக ஏறாது; கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.) 1,000 அடி ஏறினால் வெப்பம் சுமார் 2 டிகிரி குறையும். சேலத்தில் 34 என்றால் 7-வது வளைவில் எவ்வளவு? 1,400 அடி ஏறியிருக்கிறோம், 2.8 டிகிரி குறையும், விடை 31.2. அடுத்த வளைவு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நண்பன் இருந்தால், நடுநடுவே வேறு பேச்சு கொடுத்து உங்களைக் கலைக்கச் சொல்லுங்கள். குமட்டல் வருகிறவர்கள் வீட்டு மாடிப்படியிலேயே செய்யலாம்.

இறங்கும்போது வேறு கணக்கு. 120 நாட் வேகம், அதாவது மணிக்கு 120 கடல் மைல் என்றால் நிமிடத்துக்கு 2 கடல் மைல். 35 கடல் மைல் போக எத்தனை நிமிடம்? தினமும் அரை மணி நேரம் இப்படிப் போட்டால் போதும். ஒரே நாளில் 5 மணி நேரம் உட்காருவது வீண்.

நேர்காணலில் ஊரைப் பற்றியே கேட்கலாம். சேலத்துக்கு ஏன் ஏடிஆர் 72 மாதிரி புரொப்பல்லர் விமானம் வருகிறது? காமலாபுரத்தில் இருக்கும் நம் விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். அது ஏடிஆருக்குத் தாராளம். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், மேலெழும்ப ஓட வேண்டிய தூரம் கூடும். ஓடுபாதையின் ஒரு முனைக்கு 04, மறுமுனைக்கு 22 என்று பெயர். ஏன்? திசைகாட்டியில் ஒன்று சுமார் 40 டிகிரி (மூன்று இலக்கத்தில் 040), இன்னொன்று 220. கடைசிப் பூஜ்ஜியத்தை விட்டுவிடுவார்கள். இதை மனப்பாடம் செய்யாமல், பாட்டிக்கு விளக்குவது போலச் சொல்லிப் பழகுங்கள்.

தமிழ்வழி என்று கூச்சம் வேண்டாம். விமானிக்கு வேண்டியது அலங்கார ஆங்கிலம் அல்ல. சொன்ன எண்ணைப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் ஆங்கிலம். நண்பன் உயரம், திசை, வேகம் மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் படிக்கட்டும். நீங்கள் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். குழு விவாதத்தில் அதிகம் பேசுகிறவர் ஜெயிப்பார் என்பதும் கட்டுக்கதை. அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோகிறவரைத்தான் கவனிப்பார்கள்.

அப்புறம் பணம். தேர்வானால் நிறுவனமே படிக்க வைக்கும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் பயிற்சிச் செலவு நம் தலையில்தான், அதுவும் கோடியைத் தொடும். வேலை உறுதியும் நிபந்தனைகளோடுதான் வரும். கடிதம் கைக்கு வந்ததும் அந்த நிபந்தனைகள் உள்ள பக்கத்தை அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிட்டு, பிறகு வங்கிக்குப் போங்கள்.