காலையில் எடுத்த முடிவு மாலையில் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: "இனி குடிக்கக் கூடாது என்று காலையில் உறுதியாக நினைக்கிறேன். சாயங்காலம் ஆனால் கை தானாகப் போகிறது. எனக்கு மன உறுதியே கிடையாதா?"

இதே கேள்வியை ஒன்பது வருடம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தவன் நான். உங்களுக்கு மன உறுதி இருக்கிறது. ஆனால் அது தெம்பாக இருக்கும் நேரம் வேறு, தேவைப்படும் நேரம் வேறு.

என் மாலைகளைச் சொல்கிறேன். வேலை முடிந்து வந்ததும் சாவிக்கொத்தை மேசைமேல் போடுவேன். அந்தச் சத்தம் கேட்டாலே நாக்கில் எச்சில் ஊறும். குடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பே அலமாரிக் கதவு திறந்திருக்கும். பல நாள் பாதி கிளாஸ் காலியான பிறகுதான், காலையில் மனைவியிடம் சொன்ன வார்த்தை ஞாபகம் வரும்.

உளவியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக், ரோலண்ட் டாய்ட்ஷ் என்ற உளவியலாளர்கள் 2004-ல் அதைத் தெளிவாக எழுதினார்கள். நம் நடத்தையை இரண்டு விசைகள் இழுக்கின்றன. ஒன்று, திரும்பத் திரும்பச் செய்ததில் ஊறிப்போன உந்துதல். சாவிச் சத்தம் போல ஏதாவது ஒன்று தட்டிவிட்டால் போதும், அது கிளம்பிவிடும். இன்னொன்று, யோசித்து முடிவெடுக்கும் பகுதி. அது நிதானமாகத்தான் வேலை செய்யும், அதற்குக் கவனமும் வேண்டும். தூக்கம் கெட்டாலோ மனம் நொந்திருந்தாலோ அது தளர்ந்துவிடும், உந்துதல் தளராது. போதாக்குறைக்கு, மது முதலில் மந்தமாக்குவதே அந்த யோசிக்கும் பகுதியைத்தான். 'ஒரே ஒரு கிளாஸ்' என்று உட்கார்ந்தவர் மூன்றாவதுக்குப் போவது இதனால்தான்.

என் குற்ற உணர்வைக் குறைத்த விஷயம் இன்னொன்று. டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர்கள் 1993-ல், ஒன்று பிடிப்பதும் அது வேண்டும் என்று தவிப்பதும் மூளையில் தனித்தனி வேலைகள் என்றார்கள். கடைசி இரண்டு வருடம் எனக்குக் குடி பிடிக்கவே இல்லை. தவிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அது பொய் இல்லை, பலவீனமும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, நான் என்ன செய்தேன்? மாலையில் நடக்கும் சண்டையைக் காலையிலேயே முடித்துவைக்கப் பார்த்தேன். வீட்டில் பாட்டில் வைப்பதை நிறுத்தினேன். வாசலிலேயே ஆணி அடித்துச் சாவியை அங்கே மாட்டினேன். 'உள்ளே நுழைந்ததும் குளிப்பேன், குளித்ததும் சாப்பிடுவேன்' என்று எழுதி ஒட்டினேன். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற இந்த மாதிரித் திட்டத்தைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பலம்.

அப்படியும் தவிப்பு வரும். குடிப்பழக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லாட் சொன்னது போல அதை அலையாகப் பார்த்தேன்: எதிர்த்து நிற்காமல், எழுந்து இறங்கும்வரை கவனிப்பது. முதல் நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். உள்ளங்கை வியர்த்தது, தாடை இறுகியது. இருபத்திரண்டு நிமிடத்தில் அடங்கியது. அது அடங்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். தவிப்பைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. நான் கூச்சப்பட்டுக்கொண்டே மருத்துவரிடம் போகாமல் இருந்தேன். உண்மையில், போய்ப் பேசிய பிறகுதான் மேலே சொன்னதெல்லாம் எனக்குக் கைகூடியது.