அமெரிக்க அதிபர் தேர்தலில் டிவி விவாதங்கள் உண்மையிலேயே ஓட்டை மாற்றுமா?

பெரும்பாலும் மாற்றாது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து விவாதம் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் யாருக்கு ஓட்டு என்று முன்னமே முடிவு செய்தவர்கள். தங்கள் ஆள் சொதப்பினால் நெறியாளரைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். 2012இல் டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ராம்னி திணறடித்தார், தேர்தலில் ஜெயித்தது ஒபாமா. 2016இல் மூன்று விவாதங்களிலும் டிரம்பைவிட ஹிலாரிதான் மேல் என்றன கருத்துக்கணிப்புகள். முடிவு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பேச்சு வந்தாலே 1960ஐ இழுப்பார்கள். கென்னடி பளிச்சென்று நின்றார், முழங்கால் தொற்றால் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த நிக்ஸன் வெளிறிப்போய்த் தெரிந்தார், அதனால்தான் தோற்றார் என்று. நிக்ஸன் அப்படித் தெரிந்தது உண்மைதான். ஆனால் நாடு முழுக்க வித்தியாசம் சுமார் 1.12 லட்சம் ஓட்டு. இவ்வளவு நெருக்கமான தேர்தலில் எதை வேண்டுமானாலும் காரணமாகக் காட்டலாம். ரேடியோவில் கேட்டவர்களுக்கு நிக்ஸன்தான் ஜெயித்தார் என்ற கதைக்கும் ஆதாரம் ஒரே ஒரு கணிப்பு. அதில் ரேடியோ கேட்டவர்கள் சில நூறு பேர்தான்.

விவாதத்தைவிட அதற்கு மறுநாள்தான் முக்கியம். 1976இல் அப்போதைய அதிபர் ஃபோர்டு, 'கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை' என்று சொல்லிவிட்டார். அங்கே சோவியத் பிடி இறுகியிருந்த காலம் அது. பார்த்துக்கொண்டிருந்த பலர் அன்று இரவு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் செய்திகளில் திரும்பத் திரும்ப அதையே காட்டிய பிறகுதான், எதிர்த்து நின்ற கார்ட்டரே விவாதத்தில் ஜெயித்ததாகக் கணிப்புகள் புரண்டன. ஃபோர்டோ தவறை ஒப்புக்கொள்ளவே பல நாள் எடுத்துக்கொண்டார்.

நான் பெரிதாக மதிக்கும் விதிவிலக்கு 2024 ஜூன் 27, அட்லாண்டா. அரங்கில் கூட்டம் இல்லை, ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைக்கப்பட்டிருக்கும். பைடனின் தடுமாற்றத்தை மறைக்க அங்கே எதுவுமே இல்லை. வரி பற்றிய பதில் பாதியில் சிக்கிக்கொண்டு, 'கடைசியில் மெடிகேரை வீழ்த்திவிட்டோம்' என்று முடிந்தது. மெடிகேர் என்பது முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அவர் கட்சி கட்டிக்காக்கும் திட்டம்! எல்லைப் பிரச்சினை பற்றிய இன்னொரு பதிலுக்குப் பிறகு, 'என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது' என்றார் டிரம்ப். 24ஆவது நாள் பைடன் போட்டியிலிருந்து விலகினார்.

அவரை விலக வைத்தது ஓட்டர்கள் அல்ல, சொந்தக் கட்சி எம்.பி.க்களும் நன்கொடையாளர்களும். அதற்கும் தேதிதான் வழிவிட்டது. வழக்கமாக இந்த விவாதங்கள், வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சி மாநாடுகள் முடிந்து, செப்டம்பர் அல்லது அக்டோபரில்தான் நடக்கும். அப்போது சொதப்பியிருந்தால் ஆளை மாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஜூனிலேயே வைக்கலாம் என்று கேட்டதே பைடன் தரப்புதான் என்பது தனிக் கூத்து.

சரி, அதே ஆண்டு செப்டம்பர் 10? கமலா ஹாரிஸ் டிரம்பைத் தூண்டிவிட்டு நன்றாகவே மடக்கினார். ஏறக்குறைய 6.7 கோடிப் பேர் பார்த்தார்கள், கணிப்புகளும் அவர் பக்கம். நவம்பரில் ஏழு இழுபறி மாநிலங்களும் டிரம்புக்கு!

எனக்குத் தெரிந்தவரை, விவாதத்தால் லாபம் என்றால் அது பின்தங்கியவருக்கும், நாட்டுக்கு அவ்வளவாகப் பழகாதவருக்கும்தான். முன்னிலையில் இருப்பவர் மேடை ஏறினால் இழக்கத்தான் வாய்ப்பு அதிகம். 1964, 68, 72 மூன்று தேர்தல்களிலும் அதிபர் விவாதமே நடக்கவில்லை. ஒருமுறை பட்ட நிக்ஸன் அதன்பின் அந்தப் பக்கமே போகாமல் இரண்டு முறை அதிபரானார். டிரம்பும் 2023-24இல் தன் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் விவாதம் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. வேட்பாளராவதற்கு அது தடையாகவும் இருக்கவில்லை.