தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் கழிவுநீர் சேரும் தொட்டி 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். வருடத்துக்கு இரண்டு முறை தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஆள் இறங்கி அள்ளுகிறார்கள். தண்ணீர்தான் இல்லையே, மூடியையும் முதல் நாளே திறந்து வைக்கிறோமே. இன்னும் என்ன ஆபத்து?
– மேற்பார்வையாளர், திருப்பூர்

பதில்: ஆபத்து அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது. சாயம் பிடிக்க நீங்கள் கொட்டும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்பேட். காற்றுப் படாத சேற்றில் வாழும் பாக்டீரியா அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும். அது குமிழ்களாகச் சேற்றிலேயே அடைபட்டுக் கிடந்து, மண்வெட்டி பட்டதும் ஒரேயடியாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமானது. ஆகவே மூடி திறந்திருந்தாலும் மேலே ஏறாது. குனிந்து அள்ளுகிறவரின் முகத்துக்கு நேரே நிற்கும்.

"முட்டை நாற்றம் அடித்தால் ஏறிவிடுவோம்" என்று ஆட்கள் சொல்வார்கள். இந்த நம்பிக்கைதான் உயிரைக் குடிக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கில் ஏறும் அந்த நாற்றம், 100 பங்கைத் தொட்டால் சில நிமிடங்களில் தெரியாமலே போகும், மூக்கு மரத்துவிடும். 500 பங்குக்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயக்கம். 1000 பங்கில் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுவார்.

முதலில், ஆள் இறங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மேலிருந்தே அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கூழாக்கி, சேற்று பம்ப்பிலோ உறிஞ்சும் லாரியிலோ எடுத்துவிடலாம். உங்கள் தொட்டி அளவுக்கு இது தாராளமாகப் போதும் என்பதே எங்கள் கருத்து. கூழாக்கும்போதும் வாயு கிளம்பும்; மூடியருகே யாரும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

இறங்கியே தீர வேண்டுமென்றால், தொட்டிக்குள் வரும் எல்லாக் குழாய்களையும் அடையுங்கள். வால்வை மூடினால் மட்டும் போதாது. சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இறங்குகிறவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சல்பர் சாயத்தின் சல்பைடு தண்ணீர் கிடக்கும் தொட்டியில் அமிலத் தண்ணீர் கலந்தால் அந்த நொடியே இதே விஷவாயு கிளம்பும்.

அடுத்து பிளோயர். உங்கள் தொட்டி 36 கன மீட்டர். நிமிடத்துக்கு 15 கன மீட்டர் காற்று தரும் பிளோயர் என்றால் குறைந்தது 18 நிமிடம் ஓட்டிய பிறகே அளக்க வேண்டும் (கொள்ளளவை 7.5-ஆல் பெருக்கி, காற்றின் அளவால் வகுத்த கணக்கு). குழாயின் வாய் அடிமட்டம் வரை போக வேண்டும். மேலோடு ஊதினால் மேல்காற்றுதான் சுழலும். பிளோயர் காற்று இழுக்கும் பக்கத்தில் ஜெனரேட்டர் புகை இருக்கக் கூடாது. ஆள் வெளியே வரும்வரை நிறுத்தவும் கூடாது. காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

நான்கு வாயு (ஆக்சிஜன், மீத்தேன் போன்ற எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு) காட்டும் மீட்டரின் குழாயை இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளந்து பாருங்கள். முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் எரிவாயுக் கணக்கு தப்பாகக் காட்டும். 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நீண்ட கம்பால் சேற்றைக் கிளறிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். உண்மை அப்போதுதான் தெரியும். மீட்டரை இறங்குகிறவர் மார்பிலேயே மாட்டிவிடுங்கள். கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவிலேயே இருந்த விதி. எரிவாயுவுக்கு வாய்ப்பிருந்தால் தீப்பொறி வெளிவராத விளக்கே வேண்டும்.

கேள்வி: மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்கிறாரே எங்கள் காண்ட்ராக்டர்?
– ஈரோடு வாசகர்

பதில்: அதை நம்பி யாரையும் இறங்க விடாதீர்கள். ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சுடர் அணையும். மனிதருக்கு அதற்கு முன்பே நிதானம் தப்பத் தொடங்கிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தாலோ அந்தச் சுடரே வெடிப்பைக் கிளப்பிவிடும்.

கேள்வி: உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் உடனே என்ன செய்வது?
– பெருந்துறை வாசகர்

பதில்: பின்னாலேயே யாரும் குதிக்கக் கூடாது. முதலாமவரைக் காப்பாற்ற இறங்கிய தம்பியும், தம்பியைத் தேடி இறங்கிய நண்பரும் அதே இடத்தில் விழுவதுதான் இந்த விபத்துகளின் வழக்கம். அன்பினால் குதிக்கிறார்கள், அதனால்தான் தடுக்க ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். இறங்கும்போதே முழு உடல் பெல்ட், அதன் முதுகு வளையத்தில் கயிறு, தொட்டி வாய்க்கு மேல் மூன்று கால் தாங்கியும், அதில் கையால் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச்சும் தயாராக இருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய கயிறு உதவாது. மயங்கியவர் இரண்டாக மடிந்து மேன்ஹோல் வாயில் சிக்கிக்கொள்வார்.

மேலே நிற்கிற ஒருவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள். டீ வாங்கக்கூட அவர் நகரக் கூடாது. ஆள் சாய்ந்ததும் அவர் வின்ச்சைச் சுற்றட்டும், பிளோயர் ஓடட்டும், இன்னொருவர் 101-க்கும் 108-க்கும் சொல்லட்டும். "விஷவாயு" என்று சொன்னால்தான் தீயணைப்பு வீரர்கள் மூச்சுக்கருவியோடு வருவார்கள். துணி, தூசி முகமூடி, வடிகட்டி முகமூடி எதுவும் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. மேலே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம்.

கேள்வி: தொழிலாளர் விடுதியின் செப்டிக் டேங்குக்கும் இதே முறைதானா?
– பல்லடம் வாசகர்

பதில்: இல்லை. அதற்குள் யாரையும் இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் கையால் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-ஐ அழைத்து லாரி வரவழைத்து, குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.