எட்டில் ஒரு அங்குலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மான்கறி, நன்றாகவே இருந்தது. மாடிப்படிக்கு அருகே பாடம் செய்த பெரிய மான்தலை. “நூற்று ஐம்பத்தொன்று” என்றார். கொம்பின் அளவாம். சாப்பாட்டு மேசைக்கு எதிரே, பலகையில் அறைந்த சின்னக் கொம்பு ஒன்று, பக்கத்துக்கு இரண்டே கிளை. அதுதான் தனக்கு உசத்தி என்றார். கொன்றதை மாட்டிவைப்பது வெறும் ஆணவம் இல்லையா? அங்குலக் கணக்கைத் தாண்டி அதில் என்ன இருக்க முடியும்? சங்கப்பாடல்கள் வேட்டையை எப்படிப் பார்த்தன? நவம்பரில் வேட்டைக்கு என்னையும் கூப்பிடுகிறார், போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சங்கப்பாடல்களை இங்கே இழுக்க வேண்டாம். அது வேறு காடு, வேறு பசி. கறி நன்றாக இருந்தது என்று ஒரு வரி, கொஞ்சம் தள்ளி ஆணவம் என்று தீர்ப்பு. சோறு போட்டவரிடம் “இது ஏன் உசத்தி?” என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. அதை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. உங்கள் மாநிலத்து மான் ஒன்றைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1914 நவம்பரில் டான்பரி ஊருக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் ஜோர்டான் என்ற இளைஞர் ஒரு வெண்வால் மானைச் சுட்டார். தலையைப் பாடம் செய்யக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் ஊர் மாறிப் போய்விட்டார், தலையும் போய்விட்டது. 1958-ல் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில், சாண்ட்ஸ்டோன் என்ற ஊரில், பழைய சாமான் விற்பனையில் அந்தத் தலையை ஒருவர் 3 டாலருக்கு வாங்கினார். சில வருடம் கழித்து அளந்து பார்த்தால் 206 அங்குலத்துக்கு மேல். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளரும் ஒழுங்கான கொம்பு வகையில் அது உலக சாதனை. வாங்கியவர் ஜோர்டானுக்கு உறவுக்காரர். கொம்பை ஜோர்டானிடம் காட்டியபோது, இது நான் சுட்ட மான் என்று அவர் அடையாளம் சொன்னார். அரை நூற்றாண்டு கழித்து! யாரும் ஏற்கவில்லை. சாதனைப் பதிவில் என்ன இருந்தது தெரியுமா? வேட்டைக்காரர்: தெரியவில்லை. இடம்: சாண்ட்ஸ்டோன், மினசோட்டா. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை கணக்கு சரியாக இருக்கிறது; ஆளைக் காணோம், மாநிலமே தப்பு! 1978-ல்தான் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அந்த முடிவு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். 1993-ல் கனடாவின் சஸ்காட்சவானில் இன்னொரு மான் வந்து அந்த எண்ணையும் தாண்டிவிட்டது.

அதற்காக எண்ணை நான் இளக்காரம் செய்யவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம் 1950-ல் கொண்டுவந்த அளவு முறை அது. கொம்பை 60 நாள் உலரவிட்டு, தண்டின் நீளம், கிளைகளின் நீளம், சுற்றளவு எல்லாம் எடுத்துக் கூட்டி, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பார்கள். நல்ல கொம்பு வளர நல்ல தீனி வேண்டும், மான் நாலைந்து வயது தாண்டி வாழ வேண்டும். ஆக அந்த எண் காட்டின் நிலைமையைச் சொல்கிறது. வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கிளைகள் தாறுமாறாக வளர்ந்த ஒழுங்கற்ற கொம்பு வகையில் இன்றும் முதலிடத்தில் இருக்கும் மானை யாருமே சுடவில்லை. 1981-ல் மிசௌரியில், செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, செத்துக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். அளவு 333 7/8.

மகள் மினசோட்டாவில் இருந்தபோது அவள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் உங்கள் நண்பருடையதைப் போலவே ஒரு கொம்பைப் பார்த்தேன். பதினாலு வயதில் சுட்டதாம். வெளிச்சம் போகிற நேரத்தில் சுட்டிருக்கிறார். குண்டு வயிற்றில் பட்டு, மான் சதுப்புக்குள் ஓடிவிட்டது. அப்பா டார்ச்சைக் கொடுத்துத் தேட வைத்தார். கிடைக்கவில்லை. விடிந்ததும் மறுபடி கூட்டிப்போனார். கிடைத்தபோது கறி கெட்டிருந்தது. கொம்பைப் பலகையில் அறைந்து மாட்டியது அப்பாதான், பையன் தினமும் பார்க்கட்டும் என்று. அதற்கப்புறம் வாழ்நாளில் ஒருமுறைகூட மங்கிய வெளிச்சத்தில் அவர் சுடவில்லையாம். அப்பா போய், வீடு மாறி, கொம்பும் கூடவே வந்திருக்கிறது.

இதில் ஆணவம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். சுவரில் மாட்டியதெல்லாம் பெருமைக்கு என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த மான் எப்படிச் செத்தது என்று தெரிந்த ஒருவர், அதை மறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார். அவர் இருக்கும்வரை, அல்லது அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் இருக்கும்வரை, அதற்கு மதிப்பு. அந்தக் கதை போய்விட்டால் எத்தனை அங்குலம் இருந்தாலும் 3 டாலர்தான்.

நவம்பரில் போங்கள். துப்பாக்கி தொட வேண்டாம், நன்றாகக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளுங்கள், பேசாமல் உட்காரப் பழகுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு இன்னொரு முறை போய், அந்தச் சின்னக் கொம்பு எந்த வருடம், எந்த இடம், கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பலகைக்குப் பின்னால் அதை எழுதி ஒட்டிவைக்கவும் சொல்லுங்கள்.